‘இனவெறியர்’ என்ற ஒரு சொல்: ஃபிராங்கி பாய்ல் வழக்கும் எங்கள் ஊர்த் திண்ணையும்

2012 அக்டோபர் 22 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் சாதாரண ஜனங்களே உட்கார்ந்த ஒரு ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஃபிராங்கி பாய்ல் என்ற மேடை நகைச்சுவையாளரை ‘இனவெறி பிடித்த காமெடியன்’ என்று டெய்லி மிரர் நாளிதழ் எழுதியது அவதூறு, அதற்கு 54,650 பவுண்டு நஷ்டஈடு தர வேண்டும் என்பது தீர்ப்பு. அன்றைய கணக்கில் 46, 47 லட்சம் ரூபாய் இருக்கும். மேடையேறினால் யாராவது ஒருவர் மனம் நோகாமல் இறங்காதவர் என்று பேர் வாங்கியவர் பாய்ல். அப்படிப்பட்ட ஆள் தன் பேர் கெட்டுவிட்டது என்று கோர்ட்டுக்குப் போனதும், போய் ஜெயித்ததும் பிரிட்டனில் பெரிய பேச்சானது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. இந்த வழக்கைத் தேடிப் படித்தது என் தாய்மாமாவுக்காக.

மாமா பாலக்கோடு பக்கம். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறார். கோமாளி என்றும் சொல்வார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. எல்லோருக்கும் முன்னால் சபைக்கு வருகிறவன் கட்டியக்காரன்தான். ராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்வான், அடுத்த வரியிலேயே அந்த ராஜாவைக் கேலியும் செய்வான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர், வட்டிக்கு விடுகிறவர், ஏரி மண் அள்ளியவர் என்று ஒருவரையும் விடமாட்டான். விடிய விடிய அவனுக்கு அந்த உரிமை உண்டு. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் அதே பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுந்து வணக்கம் சொல்வான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திருவிழாவில், சாதித் திமிர் பிடித்த மிராசுதார் ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே மாமா பேசிக் காட்டினார். கிணற்றடியில் தண்ணீருக்குக் காத்து நிற்கிறவர்களைப் பார்த்து அந்த ஆள் என்ன சொல் சொல்வாரோ அதே சொல், அதே இழுவை. கூட்டம் சிரித்தது மிராசுதாரைப் பார்த்து. நாலு நாள் கழித்து ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஐந்து வரிச் செய்தி வந்தது: சாதியைச் சொல்லி இழிவாகப் பேசிய கூத்துக் கலைஞரை ஊர் மக்கள் விரட்டினார்கள் என்று. யாரும் விரட்டவில்லை. துரியோதனன் படுகளம் வரைக்கும் இருந்து, பேசிய சம்பளத்தை முழுசாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அடுத்த வாரம் வேறு ஊர் ஆட்டத்துக்கு அவர் போகாததற்குக் காரணம் முழங்கால் வீக்கம். ஆனால் அந்த வருஷம் தாம்பூலம் வைத்திருந்த மூன்று ஊர்க்காரர்கள், கோமாளியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கூத்து வாத்தியாரிடம் கேட்டுவிட்டார்கள்.

அடுத்தவன் குரலில் பேசியதை அவருடைய பேச்சாகவே எழுதியது ஒன்று. தானாக வந்தவரை விரட்டியதாக எழுதியது இன்னொன்று. பாய்ல் வழக்கிலும் இதே இரண்டும் இருக்கின்றன என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழக்கு

பாய்ல் ஸ்காட்லாந்துக்காரர். 1972-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 2005-ல் தொடங்கிய ‘மாக் தி வீக்’ என்ற பிபிசி நிகழ்ச்சியில்தான் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். 2009-ல் அதிலிருந்து விலகினார். 2010 கடைசியில் சேனல் 4-ல் ‘டிராமடால் நைட்ஸ்’ என்று சொந்தமாக ஒரு நிகழ்ச்சி செய்தார். அதில் அவர் பேசிய சில வரிகள் பெரிய எதிர்ப்பைக் கிளப்பின. கறுப்பின மக்களையும் தெற்காசியர்களையும் இழிவு செய்யும் சொற்கள் அதில் வந்தன. ஒரு பிரபலத்தின் மாற்றுத்திறனாளி மகனைப் பற்றிய ஜோக் ஒன்றும் வந்தது. அந்த ஜோக் ஒளிபரப்பு விதிகளை மீறியது என்று பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்கு அமைப்பான ஆஃப்காம் 2011-ல் சொன்னது.

2011 ஜூலையில் டெய்லி மிரர் அவரைப் பற்றி ஒரு செய்தி போட்டது. அதில் அவரை இனவெறி பிடித்த காமெடியன் என்று குறிப்பிட்டதோடு, ‘மாக் தி வீக்’ நிகழ்ச்சியிலிருந்து வேறு வழியில்லாமல் வெளியேற வேண்டி வந்தது என்றும் எழுதியது. பாய்ல் இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போட்டார்.

2012 அக்டோபரில் நீதிபதி ஈடி முன்னிலையில், ஜூரியோடு விசாரணை நடந்தது. மிரர் பின்வாங்கவில்லை. நாங்கள் எழுதியது உண்மை, உண்மை இல்லை என்று நீங்கள் நினைத்தாலும் அது எங்கள் நேர்மையான கருத்து என்று வாதாடியது. அவருடைய ஜோக்குகளையே சாட்சியாக எடுத்து நீதிமன்றத்தில் வைத்தது. பாய்ல் கூண்டில் ஏறிச் சொன்ன பதிலைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அந்தச் சொற்களை நான் சொன்னேன், ஆனால் இனவெறியர்களின் மனசைத் தோலுரித்துக் காட்டத்தான் அவர்கள் குரலில் சொன்னேன். என் வேலையிலும் வாழ்க்கையிலும் நான் இனவெறிக்கு எதிரானவன். நிகழ்ச்சியை விட்டு நானாகத்தான் வந்தேன்.

ஜூரி பாய்ல் பக்கம் நின்றது. ‘இனவெறி’ என்று எழுதியதற்கு 50,400 பவுண்டு. வெளியேற வேண்டி வந்தது என்று எழுதியதற்குத் தனியாக 4,250 பவுண்டு. இந்த இரண்டாவது தொகையைப் பலரும் கவனிக்கவில்லை. முதல் தொகையோடு பார்த்தால் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. ஒருவரின் குணத்தைப் பற்றிய பழி ஒன்று, அவர் வேலையில் நடந்ததாகச் சொன்ன பொய்யான தகவல் இன்னொன்று என்று அந்த ஜூரி இரண்டையும் பிரித்துப் பார்த்து, இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்டிருக்கிறது.

அங்கே என்ன பேசினார்கள்

அதிகமாகக் கேட்ட குரல் இது: ஊரையே கேலி செய்கிற ஆளுக்குத் தன்னை ஒருவர் ஒரு சொல் சொன்னால் மட்டும் பொறுக்கவில்லையா? குழந்தைகளைக்கூட விடாமல் பேசியவர், தன் பேருக்காகக் கோர்ட்டுக்குப் போகலாமா? கொடுக்கத் தெரிந்தவனுக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டாமா? இந்தக் கோபத்தில் நியாயம் இருப்பது போலத்தான் முதலில் தோன்றும்.

இந்தக் குரலுக்குப் பின்னால் உண்மையாகவே காயம் பட்டவர்கள் இருந்தார்கள். 2010-ல் ரெடிங் நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைப் பற்றி பாய்ல் ஜோக் சொன்னபோது, பார்வையாளர்களில் ஒரு தாய் இருந்தார். அவருடைய மகளுக்கு அந்தக் குறைபாடு. அவர் மனம் நொந்து முகம் மாறியதைப் பார்த்து பாய்ல் அவரிடமே பேச்சுக் கொடுக்க, அவர் பதில் சொல்ல, அது நாடு முழுக்கச் செய்தியானது. அந்தத் தாயைப் போன்றவர்களுக்கு 2012 தீர்ப்பு எப்படிக் கசந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. எங்கள் பிள்ளைகளைப் பேசியபோது எங்களுக்கு எந்த ஜூரி நஷ்டஈடு கொடுத்தது என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்த ஜோக்குகளை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். பலவீனமானவரைப் பார்த்துச் சிரிக்க வைப்பது கலையில் கடைசித் தரம் என்றுதான் மாமாவும் சொல்வார். கட்டியக்காரன் கேலி செய்ய வேண்டியது ராஜாவை. வாசலில் நிற்கிற நொண்டியைக் கேலி செய்கிறவன் கட்டியக்காரனே இல்லை, கூலிக்குச் சிரிப்பு மூட்டுகிறவன் என்பார்.

ஆதரவாகப் பேசியவர்கள் பிடித்த பிடி வேறு. அவர் முரட்டு வாய்க்காரர், ரசனை கெட்டவர், குரூரமானவர் என்று மிரர் எழுதியிருந்தால் அது கருத்து. இனவெறியர் என்பது அப்படிப் போகிற போக்கில் வீசுகிற சொல் கிடையாது. அதைச் சொன்னால் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவதாகச் சிலர் பத்திரிகையின் பக்கமிருந்து கவலைப்பட்டார்கள். ஒருவருடைய ஜோக்குகளை மேற்கோள் காட்டி இது இனவெறி என்று ஒரு நாளிதழ் சொல்ல முடியாதென்றால் விமர்சனத்துக்கு இடம் எங்கே என்பது அவர்கள் கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில் அவதூறு வழக்கு என்று வந்தால் எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை பத்திரிகையின் தலையில்தான் விழும். தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் பெரும்பாலும் சேர்த்துக் கட்ட வேண்டும். காசுள்ளவர்கள் இந்தச் சட்டத்தை வைத்துப் பத்திரிகைகளை மிரட்டுகிறார்கள் என்ற பேச்சு அப்போது அங்கே பலமாக இருந்தது. அடுத்த வருஷமே, 2013-ல், புது அவதூறுச் சட்டம் வந்தது. பேருக்குக் கடுமையான சேதம் நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை போட்டது. அவதூறு வழக்கு என்றால் ஜூரி என்ற பழைய வழக்கத்தையும் எடுத்துவிட்டது. 2014 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆக, சாதாரண ஜனங்களே உட்கார்ந்து ஒரு நகைச்சுவையாளரின் மனசை எடைபோட்ட கடைசிச் சில வழக்குகளில் பாய்ல் வழக்கும் ஒன்று.

தீர்ப்பு வந்த அன்றே பாய்ல், மிரரின் குற்றச்சாட்டை ஜூரி ஒருமனதாகத் தள்ளிவிட்டதில் மகிழ்ச்சி என்று ட்விட்டரில் எழுதினார். கிடைத்த பணத்தில் 50,000 பவுண்டை, குவாண்டனாமோ சிறையில் விசாரணையே இல்லாமல் அடைபட்டிருந்த ஷாக்கர் ஆமர் என்பவரின் சட்டப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 2013-ல் அவருக்காக ஒரு வாரம் பட்டினியும் கிடந்தார். ஆமர் 2015-ல்தான் விடுதலையானார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாய்லைப் பற்றி மனம் மாறியவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்தார் என்பதற்காக அவர் ஜோக்குகள் எல்லாம் நல்லதாகிவிடாது. அதே போல, அவர் ஜோக்குகள் கெட்டவை என்பதற்காக மிரர் எழுதியதும் உண்மையாகிவிடாது.

எங்கள் திண்ணையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் தமிழில் சுருக்கி எழுதி எடுத்துக்கொண்டு போய் மாமா வீட்டுத் திண்ணையில் படித்தேன். மாமா, ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர், தக்காளி மண்டி வைத்திருக்கும் மாமாவின் பங்காளி, சட்டக் கல்லூரியில் படிக்கும் பக்கத்துத் தெருப் பெண், ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருக்கும் என் சித்தப்பா மகன், இவ்வளவு பேர்தான்.

மண்டிக்காரர் உடனே சொன்னார்: “அவனுக்கு வேணும். ஊரைப் பேசுறவன் பேச்சுக் கேட்டுத்தான் ஆகணும்.” சொல்லி முடித்ததும் மாமாவைப் பார்த்துவிட்டு, “உன்னைச் சொல்லலப்பா” என்றார். மாமா பேசவில்லை. அந்த வருஷம் அவர் மேல் செய்தி வந்தபோதும் ஊரில் பாதிப்பேர் இதைத்தான் சொன்னார்கள். எல்லோரையும் கிண்டல் பண்ணினாரே, இப்போது தனக்கு வந்ததும் ஏன் வலிக்கிறது என்று. லண்டனில் கேட்ட அதே கேள்வி, அதே தோரணை.

இதில் ஒரு பிசகு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை எழுதுகிறேன். கட்டியக்காரன் பஞ்சாயத்துத் தலைவரை ஏரியை விழுங்கியவர் என்று சொன்னால், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அது கூத்து என்று தெரியும். முகத்தில் அரிதாரம் இருக்கிறது, தலையில் கோமாளிக் குல்லாய் இருக்கிறது, மத்தளம் அடிக்கிறது. அவன் சொன்னதை யாரும் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்வதில்லை. பேப்பரில் வருகிற வரிக்கு அரிதாரம் கிடையாது. அதன் மேலே தேதி இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் சட்டப்படி இருக்கின்றன. இது நடந்தது என்று அது நம்மிடம் சொல்கிறது, நாமும் நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறோம். கோமாளி எல்லோரையும் கேலி செய்யலாம் என்ற உரிமையை ஊர் கொடுத்ததால், கோமாளியைப் பற்றி நடக்காத ஒன்றை நடந்ததாக அச்சடிக்கும் உரிமை பேப்பருக்கு வந்துவிடாது. கேலிக்குக் கேலியால் பதில் சொல்லியிருந்தால் மாமா சிரித்திருப்பார். மிரரும் பாய்லைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் எழுதியிருந்தால் கோர்ட்டில் அதற்கு நிற்க இடம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தலைமையாசிரியர் ஔவையை இழுத்து வந்தார். எங்கள் ஊரில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அதியமானில் வந்துதான் நிற்கும், தகடூர் மண் அல்லவா. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை எல்லாம் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் ஔவை. “இதை ஒரு நிருபர் பக்கத்தில் நின்று கேட்டு, தொண்டைமானின் படைக்கலங்களை ஔவையார் பாராட்டினார் என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அது பொய்ச் செய்தி” என்றார் ஐயா. மாமா முதல்முறையாகத் தலையாட்டினார்.

சரி, சொன்ன சொல் யார் குரலில் வந்தது என்று பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அந்த இடத்தில்தான் சட்டக் கல்லூரிப் பெண் வாயைத் திறந்தாள். அவள் காலனியிலிருந்து வருகிறவள். “பெரியப்பா, நீங்க யாரைக் கிண்டல் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சொல்லை மைக்ல கேக்கும்போது முதல்ல எனக்குத்தான் சுருக்குன்னு இருக்கும். சிரிக்கிற கூட்டத்துல நாலு பேரு மிராசுதாரைப் பார்த்துச் சிரிக்கல, அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிச்சாங்க. அது உங்களுக்கு மேடையில இருந்து தெரியாது.”

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாய்ல் வழக்கைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு நேராக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. லண்டனில் தீர்ப்பு வந்து பதினாறு நாள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து நடந்த வெறி அது. சாதிப் பேச்சு என்பது இந்த மண்ணில் வெறும் பேச்சு இல்லை, அதன் பின்னால் எரிந்த கூரைகள் இருக்கின்றன. அதனால் அந்தப் பெண் சொன்னதை மாமா மறுக்கவில்லை. “நீ சொல்றது சரிதான் கண்ணு” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காட்சியை மாற்றிவிட்டார். மிராசுதார் இப்போதும் வருகிறார், அந்தச் சொல் வருவதில்லை. அவர் வாயெடுக்கும்போதெல்லாம் மத்தளக்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார், சொல் காதில் விழுவதற்குள் அமுங்கிவிடுகிறது. முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பெண்ணே இன்னொன்றும் சொன்னாள். ஒருவர் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவு செய்தார் என்று எழுதுவது, 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அவர் குற்றம் செய்தார் என்று எழுதுவதற்குச் சமம். ரசனை கெட்ட கலைஞர் என்று எழுதுவதோடு இதைச் சேர்க்க முடியாது. அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று சொன்ன அவளே, அதனால்தான் யார் அதைச் சொன்னார் என்று எழுதும்போது ரொம்பவும் சரியாக எழுத வேண்டும் என்றாள்.

நிருபர் தம்பி கடைசி வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவைப் பற்றிய செய்தி அவன் எழுதியது இல்லை, வேறு பேப்பர். ஆனாலும் அவனுக்குச் சங்கடம். “அண்ணா, எங்களுக்குச் செய்திக்கு இவ்வளவுன்னுதான் காசு. ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்து எழுத எவனுக்கும் முடியாது. காலையில யாராவது போன்ல சொல்வாங்க, நாலு வரி அனுப்புவோம். தலைப்பு நாங்க வைக்கிறதில்ல, அது அலுவலகத்துல வைக்கிறது” என்றான். நம்ப வேண்டிய பேச்சுதான். விரட்டினார்கள் என்ற சொல் அந்த ஊரில் போன் செய்த ஆளின் வாயில் பிறந்ததா, உதவி ஆசிரியரின் மேஜையில் பிறந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. போன் செய்தவர் அன்றைக்கு மாமா வாயில் விழுந்தவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று மண்டிக்காரர் ஊகம் சொன்னார். ஊகத்தை நான் எழுதிக்கொள்ளவில்லை.

இங்கே வழி என்ன

நம் நாட்டில் அவதூறு என்றதும் நினைவுக்கு வருவது வேறு மாதிரி வழக்குகள். அரசே பத்திரிகைகள் மேல் போட்டவை. 2012-ல் தமிழக அரசு தொடர்ந்த அப்படிப்பட்ட சில கிரிமினல் அவதூறு வழக்குகளை 2020 மே 21 அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகைச்சுவையாளர்களோ பெரும்பாலும் எதிர்த்தரப்பில் நிற்கிறார்கள். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதான முனவர் ஃபாரூக்கி, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். மகாராஷ்டிர துணை முதல்வரைக் கிண்டல் செய்ததற்காக மும்பையில் வழக்கைச் சந்தித்த குணால் காம்ரா, விழுப்புரத்தில் குடியிருப்பவர் என்ற முறையில் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். ஒரு காமெடியன் எழுந்து, பேப்பர் என்னைப் பற்றிப் பொய் எழுதியது என்று வழக்குப் போடுவதை நினைத்துப் பார்க்கவே நமக்குப் புதுசாக இருக்கிறது.

ஆனால் சட்டம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாகிவிட்டன. இரண்டு வருஷம் வரை சாதாரணச் சிறை, அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை. கிரிமினல் அவதூறு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் சொல்லிவிட்டது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு வரிக்காக ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம், எந்த நாளும் முதலில் சின்ன நிருபரின் கழுத்துக்குத்தான் வரும். சித்தப்பா மகனைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மிரர் மேல் பாய்ல் போட்டது சிவில் வழக்கு. இங்கேயும் அது போடலாம். எழுதியது உண்மை என்று நிரூபித்துவிட்டால் பத்திரிகை தப்பித்துவிடும். கிரிமினல் வழக்கில் உண்மை என்பதோடு பொது நன்மைக்காக வெளியிட்டது என்றும் காட்ட வேண்டும். சிவில் வழக்கைச் செய்தி வந்த ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். கேட்கும் தொகைக்குத் தக்கபடி கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, போகும் நாளெல்லாம் கூலி போச்சு. பாய்லால் முடிந்தது அவரிடம் காசு இருந்ததால். ஒரு சீசனுக்கு இத்தனை ஆட்டம் என்று கணக்குப் போட்டு வாழும் கூத்துக்காரரால் முடியாது. வழக்கைப் பற்றி லண்டனில் பேசியவர்களில் பணக்கார காமெடியன் என்று குறைபட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் குறை சரியான குறைதான், சொன்ன இடம்தான் தப்பு. பணமில்லாதவருக்கும் இதே கதவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு, அது எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. முதலில் ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் போடவில்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள். கவுன்சில் அபராதம் போட முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டும்தான் முடியும். ஆனால் எழுதியது தவறு என்று ஒரு தாளில் வந்திருந்தால், அதை அந்த மூன்று ஊர்க்காரர்களிடம் காட்டியிருக்கலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும், பேசாமல் விடு, பேசினால் இன்னும் பெரிசாகும் என்றுதான் சொன்னோம். நானும் சொன்னேன்.

திண்ணையில் எல்லோரும் கலைந்த பிறகு மாமா என் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். “இந்த 4,250 எதுக்குன்னு போட்டிருக்கே?” என்று கேட்டார்.

“தானா விலகினவரை, வேற வழியில்லாம வெளியேறினார்னு எழுதினதுக்கு மாமா.”

“அதுக்குத் தனியாவா?”

“தனியாத்தான்.”

மறுநாள் காலையில் அவரே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைத்திருந்தார். ஆசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கி, எந்தத் தேதிச் செய்தி, எந்த ஊர், எந்த ராத்திரி என்றெல்லாம் எழுதி, சாதியைப் பற்றிய வரிக்குக்கூடப் பெரிதாகப் பதில் சொல்லாமல், தான் படுகளம் முடியும் வரை அங்கேயே இருந்ததையும், சம்பளம் வாங்கியதையும், ஆடாமல் போன அடுத்த ஆட்டத்துக்கு முழங்கால்தான் காரணம் என்பதையும் மூன்று பத்தியாக எழுதியிருந்தார். காலம் கடந்துவிட்டது, போட மாட்டார்கள் என்று சொன்னேன். போடாவிட்டால் பரவாயில்லை, அவர்கள் ஃபைலில் இருக்கட்டும் என்றார். பாலக்கோடு தபால் நிலையத்தில் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை.